அக்கா நடந்துதான் வந்தாள்

அக்கா எங்கள் வீட்டுக்கு நடந்துதான் வந்தாள். இதை முதலில் எழுதிவிட வேண்டும். அவள் இடுப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டார் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள்.

ஐம்பதுகளின் கடைசி, மாசி மாதம். ஆத்தூருக்குப் பக்கத்து ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். எருக்கூடையைத் தூக்கித் தலைக்குக் கொண்டுபோகும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்து நீவிப் பார்த்தும் கேட்காததால், மச்சான் அவளைச் செம்பட்டி வழியாக பஸ்ஸில் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்தார். உட்கார்ந்தால் வலித்ததால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். பஸ் நிலையத்திலிருந்து எங்கள் தெரு வரைக்கும் ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி நடந்தாள். வாசலில் குனிய முடியாமல் செருப்பைக் காலாலேயே உதறினாள்.

"ஆட்டுக்கல்ல இடுப்புல கட்டிவிட்ட மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

நான் அப்போது மதுரையில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தும் வேலையில் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வீட்டுக்கு வருவேன். கூடவே இருந்து பார்ப்பவர்களுக்குப் பிடிபடாத மாற்றங்கள் வாரத்துக்கு ஒரு தடவை பார்ப்பவனுக்குத் தெரியும். அக்காவின் அந்த மாதங்கள் எனக்கு அப்படித்தான் தெரிந்தன.

மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல. கெட்டியான பலகையில படுக்கட்டும். வலி அடங்குற வரைக்கும் எந்திரிக்க வேணாம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாளில் எந்த மருத்துவரிடம் போயிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஓரிரு நாள் ஓய்வு போதும், பிறகு மெல்ல நடமாட வேண்டும் என்று இன்று சொல்கிறார்கள். அன்று சொல்வாரில்லை.

அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவர். பலகைக்கு எங்கும் அலையவில்லை. கொல்லைப்புறக் கதவைக் கழற்றிச் செங்கல் மேல் கிடத்தினார். அதன் மேல் ஒரு ஜமுக்காளம். கொல்லை வாசலில் சாக்குப்படுதா தொங்கியது. அதற்கடியில் பக்கத்து வீட்டுக் கோழிகள் தாராளமாக உள்ளே வந்துபோயின.

"திண்டுக்கல்லுல ஊருக்கெல்லாம் பூட்டு செஞ்சு அனுப்புறாக. இங்க நம்ம வீட்டுக்குக் கதவே இல்ல" என்று அக்கா படுத்தபடி கோழியை விரட்டினாள்.

அவளுக்கு அவசரம் இருந்தது. மாமனார் அவளுக்கென்று ஒதுக்கிக்கொடுத்த துண்டு நிலத்தில் அவள் தன் கையால் மல்லிப் பதியன் வைத்திருந்தாள். தையில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். "பங்குனியில அரும்பு கட்டிரும் அப்பு. மொதப் பூவ நான்தான் எடுக்கணும். அதுக்குள்ள போயிருவேன்ல?" என்று ஒவ்வொரு வாரமும் என்னிடம் கேட்பாள். போய்விடலாம் என்றுதான் சொன்னேன். அப்படித்தான் நம்பினேன்.

நம்பக் காரணமும் இருந்தது. கொஞ்ச நாளிலேயே அவள் எழுந்து கிணற்றடிவரை போய்வந்தாள். வலி இருந்தது, ஆனால் அவளால் நிற்க முடிந்தது. ஒரு ஞாயிறு காலை நான் வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அன்றைக்கென்று பார்த்து அவளுடைய நாத்தனார் வந்து சேர்ந்தாள். மச்சானின் அக்கா, கணவனை இழந்து பிறந்த வீட்டோடு இருந்தவள். கையில் ரொட்டியும் சாத்துக்குடியும்.

"என்ன தாயி, எந்திரிக்கவே ஏலலன்னாக, பதறியடிச்சு ஓடியாரேன். நீ என்னடான்னா சம்மணம் போட்டுக் கீரை ஆயுற. இந்தக் கீரைய அங்கன வந்து ஆயக்கூடாதா?"

"இப்பத்தான் செத்த நேரம் எந்திரிச்சு உக்காந்தா" என்று அம்மா குறுக்கே விழுந்தாள்.

"நா என்னத்தக் கண்டேன் சம்பந்தி. பொறந்த வீட்டுக் காத்து பட்டா அம்புட்டு நோவும் பறந்துரும்போல. எனக்குந்தான் இடுப்பு வலிக்குது. நா எங்கிட்டுப் போக?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். காப்பியைக் குடித்துவிட்டு, அக்காவின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள். அவள் பொல்லாதவள் அல்ல. அக்காவின் பங்கு வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அவளுக்கும் வலித்திருக்கும்.

அவள் தலை மறைந்ததும் அம்மா முறத்தைப் பிடுங்கினாள். "ஆளு வந்தா எந்திரிக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? வேலைக்குப் பயந்து வந்து கெடக்கான்னு ஊரெல்லாம் சொல்லப்போறா. படு."

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருவது ஒரு கடமை. வராமல் இருந்தால் உறவே அறுந்துபோகும். வருகிறவர் வெறுங்கையோடு வரமாட்டார். அவர் கொண்டுவந்த சாத்துக்குடிக்கு நோயாளி படுத்திருப்பதுதான் மரியாதை. உட்கார்ந்திருந்தால் சந்தேகம், நடந்தால் பொய். நோவு உண்மை என்பதற்குப் படுக்கையைத் தவிர அக்காவிடம் சாட்சி கிடையாது. வலியை யார் கண்ணால் பார்த்தார்கள்?

அதன் பிறகு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அக்கா படுத்துக்கொள்வாள். ஆத்தூர் பக்கத்திலிருந்து சந்தைக்கும் கோர்ட்டுக்கும் வந்தவர்கள் எல்லோரும் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். போகப்போக அவள் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. படுத்தபடியே சாப்பாடு, படுத்தபடியே தலைவாரல். அம்மா கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மற்ற மாற்றங்களை நான் ஞாயிறு ஞாயிறாகப் பார்த்தேன். முதலில் ஒரே மூச்சில் புரண்டு படுத்தவள், பிறகு கதவின் விளிம்பைப் பிடித்து உடம்பை இழுத்துப் புரண்டாள். கெண்டைக்கால் சதை வற்றியது. கணுக்காலுக்கு மேல் இறுகியிருந்த கொலுசு குதிகாலில் வந்து தொங்கியது. எழுப்பி உட்காரவைத்தால் கண் இருட்டுகிறது என்றாள். நிற்கவைத்தால் தொடை நடுங்கியது. "பாரு, எப்பிடி நடுங்குதுன்னு. நோவு முத்துது" என்று அம்மா உடனே படுக்கவைத்துவிடுவாள். வலி அடங்கும்வரை படுக்கச் சொல்லியிருந்தார்கள். படுத்திருந்ததால்தான் வலி அடங்கவில்லை. இந்த வட்டம் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

பங்குனி போயிற்று. சித்திரையில் மச்சான் வந்தார். மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"ஒஞ் செடியில எடுத்தது" என்றார்.

அக்கா பிரித்தாள். குண்டு மல்லி, இன்னும் விரியாத மொட்டுகள். மூக்கருகே கொண்டுபோகவில்லை. வெறுமனே பார்த்தாள்.

"யாரு எடுத்தா?"

"எங்கக்காதான். வேற யாரு இருக்கா?"

"நா வாரேன். இப்பவே கெளம்புறேன்" என்று கையை ஊன்றினாள். உடம்பு பாதிகூட எழவில்லை. மறுபடி ஊன்றினாள். மூன்றாம் தடவை மச்சான் அவள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நடந்துதான அத்தை வந்தா?" என்று கேட்டார். கோபமாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவரைப் போல.

அன்று மாலை ஜட்கா வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு மறுபடி அதே மருத்துவரிடம் போனோம்.

"எப்ப இருந்து படுக்கையில இருக்கு?"

"நீங்க சொன்ன அன்னையிலருந்துதான் சாமி" என்றாள் அம்மா. பெருமையாகத்தான் சொன்னாள்.

அவர் அக்காவின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். கையைக் கழுவினார். துண்டில் துடைக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. "இனிமே படுக்க வேணாம். ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சு நடக்கவைங்க" என்று மட்டும் சொன்னார்.

நடந்தாள். மச்சான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். ஆவணியில் கைத்தடியோடு ஊருக்குத் திரும்பினாள். ஆனால் இறுகிப்போன இடுப்பு பழையபடி வளையவேயில்லை. மல்லி இடுப்புயரச் செடி. குனியாமல் பறிக்க முடியாது. செடி அவளுடையதாகவும் பூ மற்றவர்கள் பறிப்பதாகவும் ஆயிற்று.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள், அதற்குள் நிருபராகியிருந்த நான் ஆத்தூர் அணைப் பக்கம் ஒரு செய்திக்காகப் போனபோது, வாடகை சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனேன். திறந்த கதவு வழியாக அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து மடியில் பூவை வைத்துக் கட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்ட சத்தம் கேட்டதும் அவள் கை நாரை விட்டது. தலையணையைத் தேடியது. பாதி சாய்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நீதானா அப்பு. யாரோன்னு நெனச்சுட்டேன்."

சுவரைப் பிடித்து மறுபடி நிமிர அவளுக்கு நேரம் பிடித்தது. மடியில் இருந்த மொட்டுகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து பொறுக்கினேன்.