மஞ்சள் துணி கட்டிய கோழிகள்

ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், வரிசை வீடுகளில் கிருஷ்ணம்மா இருப்பது மூலை வீடு. பின்னால் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். மூலை வீட்டுக்காரர்களுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் கூடுதலாகக் கிடைக்கும். புத்தியுள்ளவர்கள் அதில் சிமெண்டு போட்டு இரண்டாவது காரை நிறுத்துவார்கள். கிருஷ்ணம்மா கம்பி வலை அடித்துக் கோழி விட்டாள். காலையில் செனாய் பக்கம் தொழிற்சாலைக்குப் போகுமுன் தீனி போடுவாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே கூண்டுக்குத்தான் போவாள். புருஷன் ஜெயபாலனுக்கு டீ அதற்குப் பிறகுதான். அவன் கோல்ப் மைதானத்தில் புல் வெட்டுகிறவன், வாயில்லாத மனுஷன். டீ வருகிறபோது குடித்துக்கொள்வான்.

சேவலுக்கு டத்தோ என்று பெயர். வேலை ஒன்றும் செய்யாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பதால், பெரிய மனுஷர்களுக்கு அரண்மனை கொடுக்கிற அந்தப் பட்டம். பெட்டைகளில் முக்கியமானது கிராணி. கிருஷ்ணம்மா வளர்ந்த தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற ஒரு கிராணி இருந்தார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார், பக்கத்தில் யார் போனாலும் எரிந்து விழுவார். இந்தக் கோழியின் குணமும் அதேதான். பெயர் வைப்பதற்கு அவள் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கிராணிக்கு அடை என்பது ஒரு வியாதி. முட்டை இருந்தாலும் உட்காரும், இல்லாவிட்டாலும் உட்காரும். ஜெயபாலன் பொறுக்கிக்கொண்டு வந்த பழைய கோல்ப் பந்துகளின் மேல் உட்கார்ந்து, என்றைக்காவது பொரியும் என்று நம்பிக்கையோடு இருந்த கோழி அது. அடையைத் தெளியவைக்க ஆளாளுக்குச் சொன்ன வைத்தியமெல்லாம் கிருஷ்ணம்மா செய்து பார்த்தாள். வாளித் தண்ணீரில் வயிற்றை முக்கி எடுத்தாள். கூடையைக் கவிழ்த்து மூடினாள். மூக்கில் இறகு செருகினாள். கிராணி மூக்கில் இறகும் நனைந்த வயிறுமாக மறுபடி பந்துகளின் மேலேயே போய் உட்கார்ந்தது. கடைசியில் தோற்றவள் கிருஷ்ணம்மாதான். பழைய கூடையில் லாலாங் புல்லைப் பரப்பி, ஒற்றைப் படையில் முட்டை வைத்து, இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க ஓர் ஆணியும் ஒரு கரித்துண்டும் போட்டு, உட்கார் தாயே என்று விட்டுவிட்டாள். உட்கார்ந்தால் ஒரு முட்டைகூட வீணாகாது. அதில் கிராணியைக் குறை சொல்ல வழியில்லை.

இந்த நிம்மதியைக் கெடுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். ஜெயபாலனின் அண்ணன் செல்லப்பன். மாசாயில் வீடு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் சிங்கப்பூரில். செக்யூரிட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவது பெரும்பாடாக இருந்தது. வரட்டும், வயிறாரச் சாப்பிடட்டும், கிருஷ்ணம்மாவுக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் கிளம்புகிற நேரத்தில் கூண்டுப் பக்கம் ஒரு நடை போவார் பாருங்கள், அங்கேதான் வயிற்றெரிச்சல். ஒரு கோழியைத் தூக்கி எடை பார்ப்பார். கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, சூப்பு முட்டி வலிக்கு நல்லது என்பார். காலைக் கட்டி மோட்டார் கூடையில் போட்டுக்கொள்வார். புருஷனுக்கு அண்ணன், கல்யாணத்தில் தகப்பன் ஸ்தானத்தில் நின்று தாலி எடுத்துக் கொடுத்தவர். கேவலம் ஒரு கோழிக்காக அவரை முகத்தில் அடித்தாற்போல் பேச முடியுமா? ஜெயபாலனோ அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் கழுவப் போய்விடுவான்.

ஒரு ஞாயிறு அவள் கடைக்குப் போயிருந்த சமயத்தில் அவர் தூக்கிக்கொண்டு போனது அடையில் இருந்த வெள்ளைப் பெட்டையை. திரும்பி வந்து பார்த்தபோது கூடையில் முட்டைகள் மட்டும் சில்லிட்டுக் கிடந்தன. ஒன்றை உடைத்தாள். உள்ளே இறகு முளைத்த குஞ்சு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அழுகை போய்க் கோபம் மட்டும் மிஞ்சியிருந்தது. அடுத்தது கிராணிதான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. உட்கார்ந்தே கொழுத்த கோழி அந்தக் கூண்டில் வேறு ஏது?

அடுத்த வாரம் செல்லப்பன் கூண்டுக்குள் கையை விட்டார். கிராணியின் காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது.

"அதத் தொடாதீங்க மாமா. முனியாண்டிக்கு நேர்ந்து விட்டிருக்கேன்."

சுட்டுக்கொண்டதுபோல் கை வெளியே வந்தது. செல்லப்பன் யாருக்கும் பயப்படாதவர், முனியாண்டிக்கு மட்டும் பயம். சுருட்டு வைத்துக் கும்பிடாமல் ஒருநாள்கூட வேலைக்குப் போனவரில்லை. ஆனாலும் முனியாண்டிக்குச் சேவலைத்தானே நேர்வார்கள் என்று ஒரு சந்தேகம் வந்தது.

"பெட்டையவா நேர்ந்த?"

"கனவுல வந்து கேட்டாரு மாமா."

என்ன வேண்டுதல் என்று விசாரித்தார். அதை வெளியே சொல்லக்கூடாது என்று கிருஷ்ணம்மா கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் வெறும் கூடையோடு மோட்டாரைக் கிளப்பினார். அந்தச் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகு, அவள் தன் பழைய மஞ்சள் சேலையை எடுத்து நீளநீளமாகக் கிழித்தாள்.

சில மாதங்களில் அந்தக் கூண்டில் முனியாண்டிக்குச் சொந்தமில்லாத கோழியே இல்லை என்றாகிவிட்டது. டத்தோவின் காலிலும் துணி. நேற்றுப் பருவத்துக்கு வந்த பெட்டையின் காலிலும் துணி. கிருஷ்ணம்மாவுக்கு உள்ளூர உதறல் இருக்கத்தான் செய்தது. பொய்யை மாமாவிடம் சொல்வது வேறு, சாமி பெயரில் சொல்வது வேறு. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மரத்தடியில் சின்னதாய் ஒரு முனியாண்டி இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அங்கே சூடம் ஏற்றி, உன் பேரைச் சொல்லித்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று கேட்டுக்கொள்வாள். முனியாண்டி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பொய் இப்படியே ஓடியிருக்கும். ஆனால் பாலோ பக்கம் அண்ணனும் தம்பியும் பிறந்த தோட்டத்து முனியாண்டி கோயிலில் அந்த வருஷத் திருவிழாவுக்குத் தலைவராக யாரும் முன்வராமல், செல்லப்பனைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அந்த ஞாயிறு அவர் முகமெல்லாம் பிரகாசமாக வந்து இறங்கினார். தம்பி பெண்டாட்டி நேர்ந்துவிட்ட கோழிகளைப் பற்றிக் கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம். ஒரே வீட்டிலிருந்து இத்தனை கோழி இதுவரை வந்ததில்லையாம். திருவிழாவன்று லோரி வைத்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போவது அவர் பொறுப்பாம். கிருஷ்ணம்மா டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். டத்தோவும் போய்விடும், கிராணியும் போய்விடும். நேர்ந்ததெல்லாம் பொய் என்று சொல்லலாமென்றால், மாமாவையும் முனியாண்டியையும் ஒரே வாயால் ஏமாற்றியவள் என்று ஆகிவிடும்.

தொழிற்சாலையில் கை வேலை செய்ய, மனசு கூண்டிலேயே கிடந்தது. வாரக் கடைசிக்குள் ஒரு வழி கிடைத்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் முனியாண்டிக்குக் கோழி பலி கொடுப்பவர் வீட்டின் மூத்த ஆண். கொடுக்கிற கை சுத்தமாக இருக்க வேண்டும். அதாவது காப்புக் கட்டிய நாளிலிருந்து கவிச்சி கூடாது, பீர் கூடாது, தரையில்தான் படுக்க வேண்டும். இது செல்லப்பனுக்கும் தெரிந்த வழக்கம். எத்தனை நாள் விரதம் என்பதுதான் நேர்ந்தவள் வாயில் இருந்தது. ஒரு மண்டலம் என்று நேர்ந்துவிட்டதாக அவள் பவ்யமாகச் சொன்னாள். தலைவர் ஆயிற்றே, செல்லப்பன் மார்பைத் தட்டிக்கொண்டு காப்புக் கட்டிக்கொண்டார்.

முதல் வாரம் பருப்பும் பக்தியுமாகப் போனது. அதற்குப் பிறகு மனுஷன் வாடத் தொடங்கினார். மாசாய் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், கோழி பொரிக்கிற கடையை ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே இரண்டு தரம் சுற்றி வந்ததாக அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால், கிருஷ்ணம்மா ஜெயபாலனுக்குக் கடையில் வாங்கிய கோழியை மிளகு போட்டு வறுத்து வைத்திருப்பாள். மாமாவுக்கென்று சுத்தமான பாத்திரத்தில் தனியாகப் பூசணிக்காய். இது கொஞ்சம் அதிகம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஜெயபாலனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவளுக்கு நன்றாகவே இறங்கியது.

பாதி மண்டலம் தாண்டியதும் கடைசி ஆணியை அடித்தாள்.

"இது கிராணிக்கு மட்டுந்தான் மாமா. மத்ததுக்கெல்லாம் தனித்தனியா ஒரு மண்டலம்."

"அலமாக்," என்றார் செல்லப்பன். கூண்டிலிருந்த கோழிகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

மறுநாளே அவர் பூசாரியிடம் ஓடினார். பூசாரி இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்தவர். ஒவ்வொரு கோழிக்கும் பதிலாக ஓர் எலுமிச்சம்பழம் வெட்டினால் போதும், முனியாண்டி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லிவிட்டார். முனியாண்டியின் கருணையைப் பற்றிச் செல்லப்பன் தம்பி வீட்டில் வந்து வெகுநேரம் விளக்கினார். கிருஷ்ணம்மா தயங்கினாள், பயந்தாள், சாமி குத்தம் ஆகிவிடுமோ என்றாள். கடைசியில் பெரியவர் பேச்சைத் தட்டமுடியாமல் சம்மதித்தாள். வெள்ளிக்கிழமை பழம் வெட்டியாயிற்று. காப்பு அவிழ்ந்தது. மஞ்சள் துணிகளை எல்லாம் அவிழ்த்துக் கோயில் மரத்தில் கட்டியாயிற்று. வெற்றியைக் கொண்டாட அவள் வீட்டுக்கு வந்து கிராணிக்குப் புது முட்டை வைத்தாள். ஆணி, கரித்துண்டு உட்பட எல்லாம் முறைப்படி. ஒன்றே ஒன்றுதான் அவள் மண்டையில் ஏறவில்லை. துணியெல்லாம் மரத்தில் இருந்தால், கோழிகளின் கால் இப்போது வெறுங்கால்.

செல்லப்பன் மண்டையில் அது ஏறியிருந்தது. அடுத்த ஞாயிறு காலையிலேயே கூடையோடு வந்துவிட்டார். கூண்டு முன்னால் குந்தி, கால் காலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பூசணிக்காய் தின்ற அத்தனை நாளும் அவர் கண்ணில் தெரிந்தது. கடைசியில் கிராணியிடம் வந்து நின்று சிரித்தார்.

"இப்ப வேண்டுதல் ஒண்ணும் பாக்கி இல்லயேம்மா?"

கிருஷ்ணம்மாவுக்கு வெள்ளைப் பெட்டையின் சில்லிட்ட முட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. இந்த முறை அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எடுத்துக்குங்க மாமா. ஆனா கூடையோட எடுத்துக்குங்க. முட்டைய விட்டுப் பிரிச்சா பாவம் உங்களுக்குத்தான். பொரிக்கட்டும், குஞ்சு தனியா மேயட்டும், அப்புறம் சூப்பு வைங்க."

அவள் கணக்கு, அதற்குள் மாமாவுக்குக் கோழித் தொல்லை அலுத்துப்போகும், கிராணியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்பது. அவர் கணக்கு, ஒரு கோழிக்கு வந்தவனுக்கு ஒரு கூடை கோழி என்பது. அடைக்கோழியை இருட்டிய பிறகுதான் இடம் மாற்ற வேண்டும் என்பதால் பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். ஜெயபாலன் காரை எடுத்தான். மோட்டாரை அப்புறம் வந்து எடுத்துக்கொள்வதாகச் செல்லப்பன் சொல்லிவிட்டார். மாசாய் போய்ச் சேரும்வரை கோணி போர்த்திய கூடை செல்லப்பன் மடியில் இருந்தது, கிராணி இடைவிடாமல் அவர் கையைக் கொத்திக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து போன் ஓயவில்லை. கிராணி சாப்பிட எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, பக்கத்தில் போனால் உறுமுகிறது, முட்டைக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்தால் உள்ளே ஏதோ அசைகிறது. ஜொகூரில் சாயங்காலம் இடி இடிக்காத நாள் குறைவு. இடிக்கும்போதெல்லாம் போன் அடித்தது.

"பலமா இடிக்குதும்மா. ஆணி போதுமா, சுத்தியல் ஒண்ணு வைக்கவா?"

ஒரு சாயங்காலம் அவர் போனைக் கூடைப் பக்கம் நீட்டிப் பிடித்தார். பின்னணியில் கீச்சுக் கீச்சென்று சத்தம். எல்லாமே பொரிந்துவிட்டதும்மா என்று இரண்டு தரம் சொன்னார். கிருஷ்ணம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனிடம் இத்தனை நாள் கோபித்துக்கொண்டிருந்தோமே என்றுகூடத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் மோட்டார் வருவது நின்றுபோனது. கோழிகளை விட்டு வர முடியவில்லையாம்.

குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்து மேயத் தொடங்கியதும், அவள் வெறும் கூடையோடு ஜெயபாலனைக் கிளப்பிக்கொண்டு மாசாய்க்குப் போனாள். கார் நிறுத்துகிற இடம் முழுக்கக் கம்பி வலை. அரைக்கால் சட்டையில் நின்றுகொண்டு செல்லப்பன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூலையில் ஒரு பழைய ஹெல்மெட்டுக்குள் கிராணி மறுபடியும் அடைக்கு உட்கார்ந்திருந்தது. முட்டி வலி எப்படி இருக்கிறது மாமா என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கிருஷ்ணம்மா குனிந்து கையை நீட்டினாள். கிராணி பழைய எஜமானி என்றும் பாராமல் ஒரு கொத்துக் கொத்தியது. அது எழும்பியபோது காலில் மஞ்சள் துணி தெரிந்தது. கோயில் வேட்டியிலிருந்து கிழித்த துணி.

"அதத் தொடாதம்மா," என்றார் செல்லப்பன். "முனியாண்டிக்கு நேர்ந்து விட்டிருக்கேன்."

"பெட்டையவா மாமா?"

"கனவுல வந்து கேட்டாரு லா."

ஜெயபாலன் பாத்திரம் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க உள்ளே போய்விட்டான். கிருஷ்ணம்மா கையை எடுத்துக்கொண்டாள். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. அதைத்தான் வெளியே சொல்லக்கூடாதே.