எட்டாவது கோடு

தேனியில் என் அச்சுக்கடைக்கு, காதுகுத்துப் பத்திரிகை அடிக்கச் சுருளிப்பட்டியிலிருந்து வந்திருந்தார் அந்த அம்மா. நெடுநெடுவென்ற உயரம், இடுப்பில் செருகிய பேனா. புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டதிலிருந்து என் கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிக்கொண்டிருந்தது. ரேமை மாற்றினேன், வயரைப் பிடுங்கினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது நின்றபோதெல்லாம் அவர் உள்ளங்கையில் ஒரு கோடு போட்டார். தோட்டத்து மோட்டார் நின்றாலும் அப்படித்தான் குறிப்பாராம்.

கையை விரித்துக் காட்டினார். “ஏழு தடவ நின்னுருச்சு. ஏழு தடவையும் நீங்க இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு மாத்துனப்பத்தேன்.”

பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். தாய்மாமன்கள் பெயர் முழுவதையும் ஒரே மூச்சில் அடித்தேன். எட்டாவது கோடு விழவே இல்லை.

“அப்ப பேனாவ மூடிரவா?” என்றார், ஜெயித்த சிரிப்போடு.

அத்தனை பெயர் அடித்த நான், அவர் பெயரைக் கேட்கவில்லை.