பஞ்சக்கா ஆள் தேடிய மத்தியானம்

வாசலில் நிழல் விழுந்ததும் பஞ்சக்கா எழுந்துவிடுவார். வந்தவளை என்ன ஏது என்று கேட்பதில்லை. ஜன்னல் திரையை இழுத்து விடுவார். தெருவில் போகிறவன் கண்ணுக்கு உள்ளே இருப்பவள் தெரியக்கூடாது. ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். பிறகு எதிரே உட்காராமல், பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "எதிர்ல உக்காந்தா போலீஸ் மாதிரி இருக்கும்ல?" என்பார். பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் பாதகமில்லை.

பஞ்சுபோல நடப்பார், பஞ்சுபோலப் பேசுவார், அதனால் பஞ்சக்கா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். புருஷன் உயிரோடிருந்த காலத்தில் அவரே ஒருமுறை வாய் தவறி 'அக்கா' என்றுவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பஞ்சக்காவின் பெரியம்மா மகனின் மனைவி, முறைக்கு அண்ணி, ஒருநாள் வீங்கிய கன்னத்தோடு இவர் வீட்டுக்கு ஓடிவந்தாள். அடுத்து அண்ணியின் ஒன்றுவிட்ட தங்கை. அப்புறம் அந்தத் தங்கையின் ஓரகத்தி, ஓரகத்திக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்று விழுது விட்டு விழுது விட்டு வளர்ந்ததுதான், இன்றைக்குப் பெயர்ப்பலகையும் கமிட்டியுமாக நிற்கும் பெண்கள் உரிமைச் சங்கம்.

இப்போது அவருக்கு ஒரு காது அடைத்துப்போயிற்று. மற்றதும் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருக்கிறது. உலகம் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் இருக்கிறதாம். மின்விசிறியின் சத்தமும் யாரோ விசும்பும் சத்தமும் ஒன்றாகக் கலந்து, கனவில் கேட்பதுபோல எங்கிருந்தோ வரும். சில சமயம் அது சுகமாகக்கூட இருக்கிறது. அதுதான் அவருக்குப் பயம். மெல்லச் சொல்வதைக் கேட்கத்தானே அந்த வீடே இருக்கிறது. "நான் விலகிக்கிறேன், வேற ஆளைப் பாருங்க" என்று அவரே சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் ஆள் அமையாவிட்டால் வீட்டைப் பூட்டிவிடுவதென்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது.

வேலை கேட்டு வந்தவர்களுக்குக் குறைச்சலில்லை. ஒருத்தி அடைமழைபோலப் பேசினாள். கமிட்டித் தலைவியான வக்கீலம்மா மயங்கியே போனார். "வாய் நல்லாத்தான் இருக்கு. காது எங்க இருக்குன்னுதான் தெரியல" என்றார் பஞ்சக்கா. அவர் தலையசைக்காமல் யாரையும் எடுப்பதில்லை என்பது பேச்சு.

அன்றைக்கு வெயில் திரையில் ஊறி, அறை முழுக்கத் தேன் நிறமாக இருந்தது. பெஞ்சின் நுனியில் ஒரு பெண், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி, கண் கலங்கி, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். பஞ்சக்கா திரையை இழுத்தார். தண்ணீர் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாகக் கேட்காதவர், அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"யாராச்சும் பின்னாடியே வராங்களாம்மா?"

"இல்லையே."

"பையில துணிமணி இருக்கா?"

"சர்டிபிகேட்டுங்க."

"கெட்டிக்காரி! மத்ததெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம். வீட்டுல ரொம்பத் தொந்தரவோ?"

"வீட்டுக்காரர் கொஞ்சம் குறட்டை விடுவாரு. வேற ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி விழுந்துடுச்சுக்கா. நான் இன்டர்வியூக்கு வந்தேன்."

பஞ்சக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலத்தில் ஆளைக் கணிப்பதில் தப்பியதில்லை. காது போனால் போகட்டும், கண்ணுமா? "அடக் கடவுளே, தப்பா நெனச்சுக்காதம்மா" என்று எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார்.

திரும்பியவர் நிலையோரமே நின்றுவிட்டார். வாசலில் இன்னொருத்தி. தலையில் ஈரம் சொட்டியது. ஒரு காலில் மட்டும் செருப்பு. உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. பலகையையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்களும் இன்டர்வியூக்கா?" என்றாள் பைக்காரி, நகர்ந்து இடம் விட்டு.

வந்தவளின் முதுகு நிமிர்ந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். "ஆ... ஆமா."

அப்போதுதான் பைக்காரியின் பார்வை அந்த வெறுங்காலில் விழுந்தது. புரிந்துவிட்டது. பஞ்சக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார். இப்போது 'ஐயையோ, என்ன ஆச்சு?' என்று பதறுவாள். வந்தவள் படியிறங்கிப் போய்விடுவாள். எத்தனை பேர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

பைக்காரி பதறவில்லை. தன் செருப்பு இரண்டையும் சத்தமில்லாமல் கழற்றி, குதிகாலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

"அப்பாடா, துணைக்கு ஆள் வந்துச்சு. எனக்கு உள்ள போகவே உதறுது. உங்களுக்கு?"

"எனக்கும்தான்." வந்தவள் உட்கார்ந்தாள். "கையெல்லாம் நடுங்குது."

"நடுங்கட்டுமே. நமக்கென்ன அவசரம்?"

அதற்குமேல் தணிந்த குரலில் பேசியது பஞ்சக்காவுக்கு எட்டவில்லை. தேன் நிற வெளிச்சத்தில் இரண்டு பேரின் உதடுகள் மட்டும், மீன்கள் பேசிக்கொள்வதுபோல, அசைந்துகொண்டிருந்தன.

இன்டர்வியூ எடுக்க உள்ளறையில் உட்கார்ந்திருந்த வக்கீலம்மா கத்தினார். "அக்கா! அடுத்த ஆளை அனுப்புங்க! எவ்வளவு நேரம்?"

பஞ்சக்கா உள்ளறை வாசலுக்குப் போய்த் தலையை மட்டும் நீட்டினார். "அவ வேலையா இருக்கா" என்றார். கதவை மெல்லச் சாத்தினார். பிறகு அந்தக் கதவோரமாகவே தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.