முதற் புதன்கிழமை, பன்னிரண்டு மணி

அந்த நாட்களில் என் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு அட்டைகள் இருக்கும். ஒன்று மஞ்சள், மற்றது சிவப்பு. நான் கால்பந்து நடுவர் அல்ல. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் பக்கத்தில், மற்றப் பள்ளிகள் வைத்திருக்க முடியாதென்று அனுப்பிவிடும் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளியொன்றில் சாப்பாட்டுக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவன். அட்டைகள் என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஊரில் டியூட்டரி என்னும் தனியார் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவன், இங்கே சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிப்பவன் என்பதால் கடைத்தெருவில் எல்லோருக்கும் நான் 'மாஸ்டர்'. பள்ளியில் மட்டும் யாருக்கும் அந்தப் பெருமை தெரியாது. குழப்படி செய்யும் பிள்ளைக்கு அட்டையைத் தூக்கிக் காட்டும்போது அந்தக் குறை கொஞ்சம் தீரும்.

இலங்கையில் போர் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். எங்கள் பள்ளியின் பெண் அதிபர் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தார். தண்டனை இல்லை. பிள்ளை தட்டை எறிந்தால், அது எதைக் கண்டு பயந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் அமைதியாக இருந்தால்தான் பிள்ளை அமைதியாகும். மூன்று நாள் பயிற்சி நடந்தது. வட்டமாக உட்காரவைத்து, எங்களுக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்டார்கள். சமையற்காரப் பெண் நாய் என்றாள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதிபர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். அட்டைகளை ஒப்படைக்கச் சொன்னபோது மஞ்சளைக் கொடுத்தேன். சிவப்பைக் கொடுக்க மனம் வரவில்லை.

அந்த வருடம்தான் அந்தச் சிறுமி வந்தாள். எட்டு வயது. போர் நடந்த வன்னியில் பிறந்து, அகதி முகாமில் இருந்து, தாயோடு வந்து சேர்ந்தவள். வாயைத் திறக்கமாட்டாள். தாய்க்கு லூயி-பிளாங் தெருவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. சாப்பாட்டு வரிசையில் நிற்கவைத்தால் பிள்ளை முன்னால் நிற்பவரைப் பிடித்துத் தள்ளும். புதிய முறைப்படி அவளை வரிசையில் விடாமல் உட்காரவைத்து, நாங்கள் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். பெரிய மகாராணி! நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

பாரிஸில் மாதத்தின் முதற் புதன்கிழமை நண்பகலில் அபாயச் சங்கை ஊதிச் சரிபார்ப்பார்கள். பாரிஸ்காரர்கள் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு நடந்துகொண்டேயிருப்பார்கள். அப்படி ஒரு புதன்கிழமை நான் நிலவறையிலிருந்து கைதுடைக்கும் கடதாசிக் கட்டுகளோடு மேலே வந்தால், ஒரு மேசை கவிழ்ந்து கிடக்கிறது. சிறுமி இன்னொரு மேசைக்கடியில். சமையற்காரப் பெண்ணின் மணிக்கட்டில் பல் பதிந்த அடையாளம். எனக்குக் கவலையை விடச் சந்தோஷம்தான் வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பார்த்தீர்களா உங்கள் புதிய முறையை! அன்று பின்னேரமே இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். இந்தப் பிள்ளையை மதியத்தில் பள்ளி வைத்திருக்கக் கூடாது, தாய் வந்து அழைத்துப்போகட்டும் என்பது அதன் முடிவு. என் பிரெஞ்சு அதுவரை அவ்வளவு அழகாக வந்ததில்லை.

மறுநாள் காலை தாய் வாசலில் என்னை மறித்தாள். வேலைக்குப் போகும் அவசரத்தில் மூச்சிரைத்தது.

"மாஸ்டர், பிள்ளையை மத்தியானத்தில எடுக்கச் சொல்லப் போயினமாம், நேற்றுப் பின்னேரம் குசினிப் பொம்பிளை சொன்னவ. அந்த நேரத்திலதானே கடையில சனம். விட்டிட்டு வந்தா என்ரை வேலை போயிடும். நீங்கள் எங்கடை ஆள். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"பிள்ளைக்கு ஒழுக்கம் வேணும், தங்கச்சி" என்றேன். வேறென்ன சொல்வேன், அறிக்கையே என் பையில் இருக்கும்போது?

நான் கொடுத்த அறிக்கையை அதிபர் இரண்டு முறை வாசித்தார்.

"சங்கு ஊதியபோது நீங்கள் கூடத்தில் இருந்தீர்களா?"

"இல்லை. கடதாசி எடுக்க நிலவறைக்குப் போயிருந்தேன்."

அவர் வேலை அட்டவணைக் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு மாதமும் முதற் புதன்கிழமை, பதினொன்று ஐம்பத்தைந்துக்கு நிலவறை, கைதுடைக்கும் கடதாசி, எதிரே என் பெயர். அந்த வேலை எப்போதும் எனக்கே விழுவது அதிர்ஷ்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்திருக்கிறேன்.

"நீங்கள் வேலைக்கு வந்த முதல் மாதம், சங்கு ஊதியதும் குளிர்பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தீர்கள்" என்றார். "சாவி விழுந்துவிட்டது என்று சொன்னீர்கள். சாவி உங்கள் கையில் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து இதை நான்தான் எழுதுகிறேன்."

"அப்போ கடதாசி?"

"மேலேயே அலுமாரி நிறைய இருக்கிறது."

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, ஊரில் குண்டுவீச்சு விமானம் தாழப் பறந்த ஒரு பகல் நினைவுக்கு வந்து, அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பயமென்று சொல்லாத என்னை இத்தனை வருடம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானோ, அதே பயத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையின் சாப்பாட்டைப் பறிக்க இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

அறிக்கையைத் திருப்பி வாங்கினேன். சிவப்பு அட்டையை மேசையில் வைத்தேன். அட்டவணையில் என் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளையின் பெயரையும் எழுதச் சொன்னேன். மதியச் சாப்பாடு அவளுக்குத் தொடர்ந்தது. தாயிடம் போய், எழுதியவன் நானே என்று சொன்னேன். அவள் திரும்பி வேலைக்கு நடந்தாள். நான்கு வாரம் என்னை மாஸ்டர் என்று கூப்பிடவும் இல்லை.

அடுத்த முதற் புதன்கிழமை நாங்கள் இருவரும் நிலவறைக்கு இறங்கினோம். பயிற்சியில் சொல்லித்தந்த வசனங்களைப் படிக்கட்டு முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சங்கு கீழே மெல்லியதாகத்தான் கேட்டது. அப்போதும் நான் கடதாசிக் கட்டுகளுக்குப் பின்னால் குந்திவிட்டேன். ஒரு வசனமும் வாயில் வரவில்லை. சிறுமி என் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"பயப்பிடாதேங்கோ மாஸ்டர், நான் இஞ்சைதான் நிக்கிறன்" என்றாள்.

சங்கு நின்றதும் ஆளுக்கொரு கட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தோம். சமையற்காரப் பெண் இரண்டையும் வாங்கி, நன்றி சொல்லி, நிரம்பி வழிந்த அலுமாரிக்குள் இடம் பண்ணி வைத்தாள்.