சாம்பல் படியில் நாலு பல்

மலாயாவில், குளுவாங்கில் ஊர்க் குப்பையை எரிக்கும் உலையில் நான் சாம்பல் சலித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கேயே கொத்தனார். எரிந்து இறுகிய சாம்பல் கட்டிகளை இடித்துச் சலித்து, நனைத்து ஆறப்போட்டு, கருங்கல் ஜல்லிக்குப் பதிலாகச் சிமெண்டோடு கலந்தால் கான்கிரீட் நிற்கும் என்றார் உலையை நடத்தும் வெள்ளைக்காரத் துரை. முதலில் கிராணியின் ஆபீஸ் வாசலில் ஒரு படி போட்டுப் பார்க்கச் சொன்னார்.

கணக்கெழுதும் கிராணிக்குக் கோபம். "ஊரான் வீட்டுக் குப்பைய மிதிச்சிக்கிட்டா நான் உள்ள போவணும்?" என்று குதித்தார்.

அந்த வாரமே அவருடைய பொய்ப்பல் காணாமல் போயிற்று. முன்வரிசையில் நாலு பல். பசியாறும்போது கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைப்பார். எச்சில் இலையோடு அந்தக் காகிதத்தையும் அவரே சுருட்டிக் குப்பையில் போட்டிருக்கிறார். அது அவருக்கே தெரியாது.

"தலிக்கிற பொம்பளைங்கதான் எடுத்திருப்பாளுங்க!" என்று கத்தினார். பல் இல்லாததால் 'சலிக்கிற' அப்படித்தான் வந்தது. எல்லோர் முன்னாலும் எங்கள் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது.

இரண்டு நாள் கழித்து என் சல்லடையில் வெள்ளையாக நாலு துண்டு. ஈறு எரிந்துபோய், பீங்கான் பல் மட்டும் தப்பியிருந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"கொண்டுபோய்க் குடுத்துடு" என்றார்.

"குடுக்கத்தான் போறோம். அவரு வாசல்லயே வச்சிடுவோம்ங்க."

சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த கரண்டி விழுந்தது. அன்றுதான் படிக்குக் கலவை ஊற்றியிருந்தார். ஈரம் காய்வதற்குள், ஓரத்தில் நாலையும் வரிசையாகக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

ஈரச் சாக்குப் போட்டு மூடிவைத்த படியைத் துரை வந்த அன்றுதான் திறந்தோம். அவர் பூட்ஸ் காலால் மிதித்தார், சுத்தியலால் தட்டினார். ஒரு கீறல் இல்லை. அப்புறம் குனிந்தார்.

"அப்பா இனி?" என்று மலாயில் கேட்டார், இது என்னவென்று.

கிராணியும் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. எச்சில் இலையோடு தானே சுருட்டிப் போட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தன் பல் என்று சொன்னால், அது குப்பைக்கு எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "திப்பி, துரை" என்றார், சிப்பி என்று சொல்லப்போய். துரை தலையாட்டினார். சாக்கடை மூடிகளையும் இதே கலவையில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

"இதப் பேத்து எடு" என்றார் கிராணி.

"பேத்தா படியே போயிடும்ங்க. துரை கேட்டா என்ன சொல்றது?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் முன்னால் போய் நின்றேன். "ஐயா, எங்க மேல போட்ட பழி என்னாச்சு?"

சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர் தரையைப் பார்த்தபடி, "யாரும் எடுக்கல. நான்தான் தொலத்துட்டேன்" என்றார். எனக்கு அது போதும்.

சலிக்கும் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்துக் கோப்பி குடித்தோம். வீட்டுக்காரர் மட்டும் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட வம்பு வச்சுக்கக் கூடாது போலயே."

"இப்பதான் தெரியுதாங்க?" என்றேன்.