தமட்டை அடித்து எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம்

எடுத்த படம் சரியில்லை என்று திரும்பி வருவது எங்கள் தொழிலில் சகஜம். மூக்கு பெரிதாகத் தெரிகிறது, கறுப்பாக விழுந்துவிட்டேன், மாப்பிள்ளை முழிக்கிறார் என்று ஆயிரம் சொல்வார்கள். ஆனால் "காது கேட்காதது படத்தில் தெரியவில்லை" என்று ஒரு படம் திரும்பி வந்தது என் அனுபவத்தில் ஒரே முறைதான். புதிதாக ஸ்டூடியோ போடும் பிள்ளைகள் வந்து, "இன்க்ளூசிவ் பிசினஸ் எப்படி மேடம் நடத்துறது?" என்று நோட்டுப் புத்தகமும் கையுமாக உட்காரும்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

1. எல்லாரும் வாங்க

என் கடை பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில், ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் இருக்கிறது. வாடகைக்கு எடுத்ததும் வாசல் படிகளை இடித்துவிட்டுச் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி சரிவாகப் பூசினேன். கண்ணாடியைத் தாழ்த்தி மாட்டினேன். "எல்லாரும் வாங்க" என்று போர்டு எழுதி வைத்தேன்.

பக்கத்து மாவு மில்காரர் போர்டை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "விமலாக்கா, எல்லாரும்னா ஆம்பளைங்களும் வரலாமா?"

பொம்பளை நடத்துவதால் லேடீஸ் ஸ்டூடியோ என்று நினைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் ஒருவர் அந்தச் சரிவில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு நேராகக் கடைக்குள்ளேயே வந்து, "பார்க்கிங் உள்ளயா?" என்றார். நல்ல மனுஷர், சத்தம் போட்டதும் பின்பக்கமாகவே உருட்டிக்கொண்டு போனார்.

லைட்டும் எடிட்டிங்கும் பசவராஜ் பார்த்துக்கொள்வான். தும்கூர்க்காரன், என்னைவிடப் பத்து வயது சிறியவன், தமிழை அவன் இஷ்டத்துக்குப் பேசுவான். காது கேளாதவர்கள் வந்தால் கேமராவுக்குப் பின்னால் நின்று "தாடையை இறக்குங்க" என்று கத்திப் பிரயோஜனம் இல்லை. என் முகத்தையும் கேமரா மறைத்துவிடும். அதனால் சாஃப்ட்பாக்ஸ் லைட் ஒருமுறை சிமிட்டினால் இங்கே பார், இரண்டு முறை சிமிட்டினால் அசையாதே என்று நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அது நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

2. காது வலியா?

தனா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இருபத்தைந்து வயதிருக்கும். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச வேண்டியதைக் கைப்பேசியில் கடகடவென்று தட்டி நம் முகத்துக்கு நேரே நீட்டுவாள். அன்று நீட்டியது இது:

"அக்கா, பொம்மசந்திரா கம்பெனில குவாலிட்டி செக்கிங் வேலை கெடச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள என் கார்டு குடுக்கணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். வேலை வந்தா தனி ரூம். வரலன்னா எங்க அக்கா வீட்டுலயே அவ வீட்டுக்காரர் மூஞ்சியப் பார்த்துட்டிருக்கணும்."

கார்டு என்றால் காது கேளாதவர் என்று காட்டும் அட்டை. அதற்கு ஒரு படம் வேண்டும். வெள்ளை பேக்ட்ராப் போட்டு, லைட் சிமிட்டி, அழகாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில், அலுவலகத்தில் வாங்க மறுத்த அதே படத்தோடு திரும்பி வந்தாள், மூக்கு நுனி சிவந்திருந்தது. நான் கடையைப் பசவராஜிடம் விட்டுவிட்டு அவளோடு கிளம்பினேன்.

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கெட்டவர் இல்லை, பயந்தவர். எங்களுக்கு நாற்காலி போட்டு, கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"டாக்டர் ரிப்போர்ட் வச்சிருக்கோம் சார்" என்றேன்.

"இருக்கு மேடம், நான் இல்லன்னு சொல்லல. டாக்டர் காதைப் பார்த்தாரு. நான் போட்டோவை நோட்பேக்கு, பார்க்கணும். ஊனம் தெரியற மாதிரி போட்டோ இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. கால் இல்லாதவர் கால் இல்லாம நிக்கறாரு, நான் சைன் பண்றேன். இவங்க போட்டோவுல ஏனும் இல்ல, ஒண்ணுமே இல்ல. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்காங்க."

"காது கேக்காதது போட்டோவுல எப்படி சார் தெரியும்?"

"போட்டோகிராஃபர் நீங்க. என்னைக் கேட்டா?"

கடைக்கு வந்து பசவராஜிடம் சொன்னேன். அவன் தாடையைச் சொறிந்தபடி யோசித்தான். "மேடம், நான் வேணா கம்ப்யூட்டர்ல காதை எடுத்துடட்டுமா?"

தனா என்ன என்று சைகையில் கேட்டாள். நான் அவள் காதை அழிப்பதுபோல் நடித்துக் காட்டினேன். மேக்கப் மேஜையிலிருந்த சீப்பு பசவராஜ் தோளில் பட்டு விழுந்தது.

காதைச் சுட்டிக் காட்டி, இல்லை என்று கைவிரிப்பதுபோல் ஒன்று எடுத்தோம். குமாஸ்தா அதைத் தூரத்திலும் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். "காது வலி மாதிரி இருக்கு மேடம். நல்ல டாக்டரா காட்டுங்க."

சின்ன வயதில் யாரோ கொடுத்து, உபயோகமில்லாமல் டப்பாவில் கிடந்த காது மெஷினை மாட்டி இன்னொன்று எடுத்தோம். வியாழக்கிழமை காலை அதைக் கொண்டுபோனோம்.

"மெஷின் போட்டா கேக்குமல்லா? கேட்டா ஊனம் எங்க?"

"போட்டாலும் இவளுக்குக் கேக்காது சார்."

"அப்ப ஏன் போட்டிருக்காங்க?"

"நீங்க தெரியணும்னு சொன்னீங்கன்னு."

"நான் மெஷின் கேக்கவே இல்லையே மேடம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைத் தூக்கி அவர் மேலேயே கவிழ்த்திருப்பேன். தனா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள்.

3. எந்த அடி?

எங்கள் சந்து முனையில் தமட்டை செட் ஒன்று எப்போதும் உட்கார்ந்திருக்கும்; தமட்டை என்றால் இங்கே பறை. சாவு விழுந்தாலும் அவர்கள்தான், கணபதி ஊர்வலம் என்றாலும் அவர்கள்தான். அன்று மத்தியானம் தமட்டையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு தட்டிப் பார்த்ததற்கே தெருவில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தனா கடை வாசலில் வேறு யோசனையில் இருந்தாள், திரும்பியே பார்க்கவில்லை.

எனக்குப் பொறி தட்டியது. "பசவா, லைட்டை வெளிய கொண்டா."

செட் தலைவர் ஏழுமலையிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொழில் பக்தி உள்ளவர். "சாவுக்கு ஒரு அடி இருக்கு, சாமிக்கு ஒரு அடி இருக்கு. போட்டோவுக்குன்னு அடி கெடையாதேம்மா."

"கவர்மென்ட் ஆபீஸுக்குப் போற போட்டோ ஏழுமலை."

"அப்ப சாவு அடிதான்" என்று எழுந்தார்.

தனாவை நடுவில் நிறுத்தினோம். அவளுக்குப் பின்னால் நெருக்கி ஆறு தமட்டை. பக்கத்தில் மாவு மில்காரர், பூக்காரம்மா, தண்ணீர் கேன் போடுகிறவர் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களை அப்படியே நிற்க வைத்தேன். லைட் இரண்டு முறை சிமிட்டியது. ஏழுமலை கையை இறக்கினார்.

சந்தே அதிர்ந்தது. மாடியில் காயப்போட்டிருந்த பாத்திரம் ஒன்று உருண்டு விழுந்தது. பசவராஜ் ஒரு கையால் லைட்டையும் மறு கையால் ஒரு காதையும் பிடித்துக்கொண்டு இன்னொரு காதைத் தோளில் தேய்த்துக்கொண்டிருந்தான். யாரோ செத்துவிட்டார்கள் என்று பின் தெருவிலிருந்து இரண்டு பேர் மாலையோடு ஓடிவந்தார்கள். எல்லாரும் கண்ணை இறுக்கிக் காதைப் பொத்திக்கொண்டு கூனி நிற்க, நடுவில் தனா மட்டும் லேசான சிரிப்போடு, கோயில் சிலை மாதிரி நேராக நின்றாள். அடித்துத் தீர்த்துவிட்டேன் ஷட்டரை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு ஃப்ரேம் எனக்குக் கிடைத்ததில்லை.

4. கத்தரிக்கோல்

வெள்ளிக்கிழமை. பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு எடுத்துப்போனோம். குமாஸ்தா பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அடுத்த மேஜைக்காரரைக் கூப்பிட்டார், அவர் இன்னும் இருவரைக் கூப்பிட்டார். படத்தைச் சுற்றி ஒரே சிரிப்பு. எனக்குப் போன உயிர் வந்தது.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. "மேடம், ஒரு டவுட்டு. இந்தப் பக்கத்துல இருக்கறவங்கதானே காதைப் பிடிச்சிருக்காங்க? இவங்களுக்குத்தான் காதுல ஏதோ ப்ராப்ளம் மாதிரி தெரியுது. நடுவுல இருக்கறவங்க சென்னாகித்தாரல்லா, நல்லாத்தானே இருக்காங்க."

நான் வாயைத் திறக்கும் முன்பு தனா எழுந்துவிட்டாள். அவர் மேஜையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். தனா படத்திலிருந்து தன் முகத்தை மட்டும் சதுரமாக வெட்டினாள். அவருடைய பசையையே எடுத்துத் தடவி, விண்ணப்பத்தில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி, அவர் பக்கம் தள்ளினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கட்டத்துக்குள் இப்போது தமட்டையும் இல்லை, தெருவும் இல்லை. சிரிக்கிற ஒரு பெண் முகம், அவ்வளவுதான்.

குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஆ, இப்ப தெரியுது மேடம். கரெக்டா தெரியுது" என்று கையெழுத்துப் போட்டு சீல் குத்தினார். அன்று மூன்று மணிக்குள் அட்டை கைக்கு வந்தது, அங்கிருந்தே அதைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் சந்தோஷத்தில் நானே அவள் கைப்பேசியை வாங்கித் தட்டினேன். "நல்லவேளை, உனக்கு அந்தச் சத்தம் தெரியல. எனக்கு நேத்துலேருந்து காது ஙொய்ங்குது."

படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தட்டினாள்.

"யாருக்கா சொன்னது தெரியலன்னு? தரையிலேருந்து கால் வழியா ஏறி நெஞ்செலும்புல இடிச்சுது. எனக்கு வாந்தி வர மாதிரி இருந்துச்சு. ஓடிடலாம்னு பார்த்தேன். நீங்க அவ்வளோ ஆசையா எடுத்துட்டிருந்தீங்க. பாவம்னு நின்னேன்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் ஏறினோம்.

பாடம் என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள். வாசலில் சரிவு பூசுங்கள், கண்ணாடியைத் தாழ்த்துங்கள், போர்டு வையுங்கள், எல்லாம் வேண்டியதுதான். உள்ளே வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்த பிறகு "இது வேண்டாம்" என்று நம்மிடம் சொல்லவும் வழி வேண்டும். அதை மேஸ்திரி வந்து கட்டித் தர மாட்டார். நாம்தான் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து தனா மறுபடி வந்தாள். தனக்கே தனக்கென்று ஒரு பெரிய படம் வேண்டும் என்றாள். லைட் ஒருமுறை சிமிட்டியதும், கொஞ்சம் சிரி என்று சைகை காட்டினேன், அப்படிச் சிரித்தால் சரியா என்றும் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். சிரிக்காமலே எடுத்தேன். பொம்மசந்திராவில் அவள் வாடகைக்கு எடுத்த அறையில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது.