இருபத்தேழு… உள்ளேன் டீச்சர்!

எழுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி அடைமழையில், தாம்பரத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரை ஊரான அனகாபுத்தூரில் நடந்தது இது. இப்போதும் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டால் எழுந்துபோய் வாசற்படியைப் பார்த்துவிட்டு வருவேன். வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். கழுத்தளவு தண்ணீரில் நின்றது அவர்களா, நானா?

முதலில் என் பள்ளித் தோழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் நாங்கள் படித்த பெண்கள் பள்ளியில் அவள்தான் கிளாஸ் லீடர். டீச்சருக்குப் பதிலாகத் தினமும் அவளே அட்டெண்டன்ஸ் எடுப்பாள். பெயரெல்லாம் கிடையாது, நம்பர்தான். என் நம்பர் இருபத்தேழு. "உள்ளேன் டீச்சர்" என்று உரக்கச் சொல்லாவிட்டால் ஆப்சென்ட் போட்டுவிடுவாள், ராட்சசி!

பள்ளி முடிந்ததும் ஆளுக்கொரு திசையாகப் போனோம். பல வருடங்கள் கழித்து, தாம்பரம் ஸ்டேஷனில் இடுப்பில் குழந்தையோடு மின்சார ரயிலுக்காக நின்றிருந்தேன். பின்னாலிருந்து "இருபத்தேழு!" என்று ஒரு வெண்கலக் குரல். திரும்பிப் பார்க்கும் முன்பே என் வாய் "உள்ளேன் டீச்சர்" என்றுவிட்டது. பிளாட்பாரத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவள் நிஜமாகவே டீச்சராகியிருந்தாள். அனகாபுத்தூரில் தனியாகக் குடியிருந்தாள்.

"வீட்டுக்கு வாடி. மீன் குழம்பு வெச்சா சாப்பிடுவியா, இல்ல இன்னும் அதே தயிர் சாதமா?"

அப்படிப் போன நாள்தான் அது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று கணவர் சொன்னதைக் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "டீச்சரம்மா, ஆறு ஏறிகினு வருது, ஸ்கூல் மாடிக்கு ஓடு!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள். கதவைத் திறந்தால் வாசற்படி தண்ணீருக்குள் இருந்தது.

என் குழந்தையை அவள் தோளில் ஏற்றிக்கொண்டாள். சந்து ஜனமே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தது. அவளுக்குப் பின்னால் நெசவுக்கார அம்மாள் ஒருத்தி, கடைசியில் நான். தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. திடீரென்று என் கால் சாக்கடைக்குள் இறங்கியது. பிடி விட்டுப்போயிற்று. வெள்ளம் என்னைப் பக்கத்துச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு வீட்டு ஜன்னல் கம்பி கையில் அகப்பட, அதைக் கட்டிக்கொண்டேன்.

கருத்துக் கிடந்தது வானம். எங்கும் மழைச் சத்தம், ஓலம். என் குழந்தை எங்கே? அவள் கரையேறினாளா, அவளும் குழந்தையோடு விழுந்துவிட்டாளா? கத்த வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. பயம் தொண்டையை அடைக்கும் என்று சொல்வதெல்லாம் சும்மா பேச்சு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன. யார் யாரோ யார் யாரையோ கூப்பிட்டார்கள். அவளும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல முடியவில்லை. குரல் சந்தைத் தாண்டிப் போய்விட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருபத்தேழு!"

"உள்ளேன் டீச்சர்!"

சத்தியமாக நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது.

"அந்தச் சந்துலதான் இருக்கா!" என்று அவள் அலறினாள். "யம்மா, கழியப் புடி, உட்டுடாத!" என்று ஒருவர் மூங்கில் கழியை நீட்டினார். எனக்கு முன்னால் நடந்த நெசவுக்கார அம்மாளின் வீட்டுக்காரர் அவர். அவர்கள் இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்த பள்ளி மாடியில் என் குழந்தை யாருடைய மடியிலோ உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். அவளை அங்கே விட்டுவிட்டு எனக்காகத் திரும்பி இறங்கியிருக்கிறாள் என் தோழி.

"எனக்கும் நீச்சல் தெரியாதுடி" என்றாள் பல் கிட்டிக்க. "ஏசப்பா, ஏசப்பான்னுகிட்டேதான் வந்தேன்."

அடுத்த சில வருடங்களிலேயே அவளுக்குப் புற்றுநோய் வந்தது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது கண் மூடிக் கிடந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அசைவே இல்லை. அன்று வெள்ளத்தில் பட்ட பயம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தோன்றியது. நம்பரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது, அவள் நம்பர் எனக்குத் தெரியாது. எங்களை எல்லாம் கூப்பிட்டவள், தன் நம்பரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

காதருகே குனிந்து, "உள்ளேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். என் கைக்குள் இருந்த அவள் விரல்கள் ஒருமுறை இறுகின. மறுநாள் போய்விட்டாள்.

இப்போதும் அடைமழையில் கூட்டத்துக்கு நடுவே நின்றால் காதைத் தீட்டிக்கொள்கிறேன். இனி அந்த எண்ணைச் சொல்லி யாரும் கூப்பிடப் போவதில்லை என்பதுதான் எனக்குள் இன்னும் வடியாத பயம்.